விருப்பப் பொருள்களும் மீள்செயல் நடத்தையும்

நுகர்வோர் ஒருவரின் மனத்துக்குள் புகுந்து அவருடைய விருப்பங்களை அளந்தறிய வேண்டிய தேவை பொருளியலாருக்கு இல்லை என்பதை 1938-ஆம் ஆண்டில் பால் சாமுவேல்சன் எடுத்துக்காட்டினார். கடைக்கு வந்தவர் எதை வாங்கினார், தம் வருவாய்க்குள் வாங்கியிருக்கக்கூடிய எதை விட்டுச் சென்றார் என்று குறித்துக்கொண்டால் போதும். அவருடைய விருப்ப வரிசை தானே புலப்பட்டுவிடும். 'வெளிப்படுத்தப்பட்ட விருப்பம்' என்னும் இக்கோட்பாட்டைப் பொருளாதாரம் பயின்ற மாணவர் அனைவரும் அறிவர். தேர்வு முடிந்தபின் பலர் மறந்தும் இருப்பர். நானும் அவர்களுள் ஒருவன். பல்லாண்டு அரசுப் பணிக்குப் பின், ஜனக்புரியில் பேச்சு வராத ஒரு சிறுவன் வாழும் வீட்டில்தான் அக்கோட்பாடு எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது. அச்சிறுவன் என் தங்கையின் இளைய மகன், வயது ஏழு.

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்க நிலையை லியோ கானர் என்னும் மருத்துவர் 1943-இல் பதினொரு குழந்தைகளைக் கொண்டு விவரித்தார். பிறரோடு கலந்து பழகுவதிலும் கருத்தைப் பரிமாறுவதிலும் உள்ள இடர்ப்பாடு ஒருபுறம். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், மாறுதலை ஏற்காமை ஆகியன மறுபுறம். இவ்விரண்டும் சேர்ந்ததே இந்நிலையின் இலக்கணமாக இன்றளவும் கொள்ளப்படுகிறது. கைகளை உதறுதல், உடலை முன்னும் பின்னும் அசைத்தல், பாத்திர மூடியைத் தரையில் சுழற்றுதல், ஓடும் மின்விசிறியை நெடுநேரம் பார்த்து நிற்றல் ஆகியவை தீங்கற்றவை. தலையை மோதிக்கொள்ளுதல், புண்ணாகும் அளவுக்குக் கையைக் கடித்தல் ஆகியவை அப்படியல்ல. என் தங்கை மகன் வலக்கையின் புறப்பகுதியைக் கடிப்பான். அவ்விடத்துத் தோல் காய்த்துத் தடித்திருந்தது.

நம் நாட்டுச் சட்டம் இந்நிலையைத் தாமதமாகவே கண்டுகொண்டது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட ஏழு குறைபாடுகளில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 வகைகளாக விரித்து அதில் ஆட்டிசத்துக்கும் இடமளித்தது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைக் கணக்கிட்டபோதும் ஆட்டிசத்துக்கெனத் தனிப் பிரிவு வைக்கவில்லை. பல்வல், காங்ரா, தேன்கனால், ஐதராபாத், வடகோவா ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளை நேரில் ஆராய்ந்து 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு குழந்தை இந்நிலையில் இருப்பதாகக் கண்டது. ஆகவே, இது அரிதான நோயொன்றைப் பற்றிய கட்டுரை அன்று.

எதற்காகச் செய்கிறான்?

ஒரு நடத்தையைக் குறைக்க முனையுமுன் அதனால் குழந்தை பெறும் பயன் யாது என்று கேட்க வேண்டும். இதனை முறையாகக் கேட்டவர்கள் பிரையன் ஐவாட்டாவும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆவர். 1982-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தைகளும் இளையோரும் வெவ்வேறு சூழல்களில் வைத்துக் கவனிக்கப்பட்டனர். ஒரு சூழலில் காயப்படுத்திக்கொண்டவுடன் பெரியவர் கவனம் கிடைக்கும். மற்றொன்றில் கடினமான பாடத்திலிருந்து விடுதலை கிடைக்கும். வேறொன்றில் குழந்தை தனியே விடப்படும். எந்தச் சூழலில் நடத்தை மிகுகிறதோ அதுவே அந்நடத்தையின் சந்தை எனலாம்.

தனியே இருக்கையிலும் ஒரு செயல் தொடருமாயின், அதற்குப் பிறர் தரும் ஊதியம் எதுவும் இல்லை, செயலே ஊதியம். வாயிலும் தோலிலும் எழும் உணர்ச்சி, கண்ணுக்குக் கிட்டும் சுழற்சி, காதுக்குக் கிட்டும் ஒலி ஆகியவற்றுக்காகவே அது செய்யப்படுகிறது. மீள்செயல்களிற் பெரும்பாலானவை இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றைக் கையாளுவதுதான் கடினம். ஏனெனில், வெளியாரிடமிருந்து வரும் ஊதியத்தை வெளியார் நிறுத்த முடியும். உள்ளிருந்து வரும் ஊதியத்தை யார் நிறுத்துவது?

பழங்காலத்து விடை தண்டனை. 1960-களில் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் அடியும் மின் அதிர்ச்சியும்கூடக் கையாளப்பட்டன என்பது இத்துறையின் வரலாற்றில் மறைக்க இயலாத பக்கம். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பிரிவு மாற்றுத்திறனாளிகளைக் கொடுமையிலிருந்தும் மனிதத்தன்மையற்ற நடத்துமுறையிலிருந்தும் காக்குமாறு அரசைப் பணிக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்கிறது. எனினும், என் தங்கை மகன் முன்பு பயின்ற பள்ளியொன்றில் அவனுடைய கைகளுக்குக் கனத்த உறைகளை மாட்டிக் கட்டிவைத்தனர். கடித்தல் நின்றது உண்மை. உண்ணுதல், எழுதுதல், பொருளைப் பற்றுதல் ஆகியவையும் உடன் நின்றன.

விருப்பத்தைக் கண்டறிதல்

தண்டனைக்கு மாற்றாக வந்த முறைகளுள் எளிமையானது, குழந்தைக்கு உவப்பான பொருள்களைக் கொண்டு மீள்செயலைத் தணிக்கும் முறை. இதன் முதற்படி, உவப்பானவை எவை என்று அறிவது. தாய்க்குத் தெரியாதா என்று வாசகர்கள் கேட்கலாம். பேச்சின்றி, கடுமையான குறைபாடுகளோடு வாழ்பவர்களைப் பற்றி அவர்களைப் பராமரிக்கும் பணியாளர்களிடம் கேட்டுப் பெற்ற கருத்தையும், பொருள்களை நேரில் காட்டிப் பெற்ற முடிவையும் 1988-இல் ஓர் ஆய்வு ஒப்பிட்டது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. நாள்தோறும் உடனிருப்பவரின் ஊகமும் ஊகமே.

நேரில் காட்டும் முறை 1985-இல் வகுக்கப்பட்டது. அப்போது பதினாறு பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அவர் நெருங்குகிறாரா என்று குறித்தனர். ஒவ்வொன்றாகக் காட்டினால் எல்லாவற்றையும் எடுப்பவரும் உண்டு. அவருடைய விருப்ப வரிசை தெரியாமற்போகும். எனவே 1992-இல் இரண்டிரண்டாகக் காட்டி ஒன்றை எடுக்கவைக்கும் முறை வந்தது. பதினாறு பொருள்களுக்கு 120 இணைகள், நேரம் மிகுதி. 1996-இல் ஏழு பொருள்களை ஒருங்கே பரப்பி, எடுத்ததைத் திரும்ப வைக்காமல் எஞ்சியவற்றிலிருந்து மீண்டும் தேர்ந்தெடுக்கச் செய்யும் முறை வந்தது. இதற்குப் பிடிக்கும் நேரம் இணை முறைக்கு ஆகும் நேரத்தில் பாதிக்கும் குறைவு. விருப்ப வரிசையும் நம்பத்தக்கதாக அமைகிறது. இம்மூன்று முறைகளையும் வகுத்தவர்கள் உளவியலார். ஆயினும் சாமுவேல்சனின் நுகர்வோரைத் தரையில் அமர்த்தி ஆராய்ந்தது போலவே எனக்குத் தோன்றுகிறது.

இது வெறும் உவமை அன்று. இல்லினாய் மாநில மனநல மருத்துவமனை ஒன்றில் அயிலானும் அஸ்ரினும் நடத்திய 'டோக்கன் பொருளாதாரம்' 1968-இல் நூலாக வெளிவந்தது. நோயாளிகள் பணி செய்து வில்லைகள் ஈட்டி, அவற்றைக் கொடுத்து விருப்பமானவற்றைப் பெற்றனர். அத்தகைய ஏற்பாடு நடைபெற்ற நியூயார்க் மாநில மருத்துவமனை ஒன்றில், பொருள்களின் ஒப்பு விலைகளை மாற்றி, நுகர்வோர் தேவைக் கோட்பாட்டைப் பொருளியலாரே சோதித்து 1973-இல் முடிவுகளை வெளியிட்டனர். நோயாளிகளின் தேர்வு பெரும்பாலும் கோட்பாட்டுக்கு இசைந்தே இருந்தது.

ஜனக்புரியில் நாங்கள் செய்தது மிக எளியது. ஏழு பொருள்கள்: மின்கலத்தில் ஓடும் ரயில், படப்புத்தகம், பந்து, சாவிக்கொத்து, எவர்சில்வர் மூடி, முடிச்சிட்ட பருத்திக் கயிறு, பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கும் ரப்பர் வளையம். தின்பண்டத்தைச் சேர்க்கவில்லை. உணவையும் விளையாட்டுப் பொருளையும் ஒருங்கே வைத்தால் உணவு மற்றவற்றைப் பின்தள்ளிவிடும் என்று 1997-இல் வெளியான ஆய்வொன்று எச்சரித்திருக்கிறது. "அண்ணா, ரயிலைத்தான் எடுப்பான். போன தீபாவளிக்கு அவனுக்காகவே வாங்கியது" என்றாள் தங்கை. ஐந்து நாள்களில் ரயில் ஒருமுறைகூட ஆறாம் இடத்தைத் தாண்டவில்லை. நான்கு நாள் முதலில் எடுக்கப்பட்டது ரப்பர் வளையம், அடுத்தது மூடி. வீட்டிலேயே விலை மிக்க பொருளுக்கு மதிப்பு மிகக் குறைவு என்று கண்டு தங்கைக்கு வருத்தம். நீரும் வைரமும் பற்றிய பழைய புதிரை அவளிடம் சொல்லித் தேற்ற முயன்றேன், பயனில்லை.

கூலியா, இலவச வழங்கலா?

விருப்பப் பொருள் கிடைத்தபின் அதனை வழங்க இரு வழிகள் உண்டு. முதலாவது, கூலியாக வழங்குதல். குறித்த நேரத்துக்குள் மீள்செயல் நிகழாதிருந்தால் பொருள் கிடைக்கும், நிகழ்ந்தால் கிடைக்காது. இரண்டாவது, நிபந்தனையின்றி வழங்குதல். குழந்தை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் பொருள் அருகில் இருக்கும். அதிகாரிகளாகிய நம் மனம் முதல் வழியையே நாடும். நிபந்தனையின்றி எதையும் வழங்கும் பழக்கம் நமக்கில்லை.

ஐவாட்டா குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே கருதத்தக்கது. தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் மூவருக்கு விருப்பப் பொருள்களைத் தடையின்றிக் கொடுத்தபோது அவர்கள் பொருள்களோடு ஈடுபட்டனர். காயப்படுத்துதல் வெகுவாகக் குறைந்தது. அமர்வின் நேரத்தை நீட்டியபோதும் பயன் மறையவில்லை. அதே பொருள்களைக் கூலியாக மாற்றி, காயப்படுத்திக்கொள்ளாதிருந்தால் தருவோம் என்ற ஏற்பாட்டைச் செய்தபோது அது பலிக்கவில்லை. மூன்றாம் கட்டத்தில் பொருளைப் பெறுவதற்கான உழைப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டினர். உழைப்பு கூடக்கூட, அவர்கள் பொருளை விட்டுவிட்டுப் பழைய செயலுக்கே திரும்பினர்.

பொருளியல் மாணவருக்கு இதில் வியப்பில்லை. மீள்செயலும் விருப்பப் பொருளும் பதிலீட்டுப் பண்டங்கள். கையைக் கடிப்பதற்கு விலை ஏதுமில்லை. கை எப்போதும் வாயருகே இருக்கிறது. அதனோடு போட்டியிடும் பொருளின் விலையும் அவ்வளவு தாழ்வாக இருந்தால்தான் பதிலீடு நிகழும். இங்கே விலை என்பது ரூபாய் அன்று. கையை நீட்டும் தொலைவு, காத்திருக்கும் நேரம், கேட்டுப் பெறும் தொல்லை ஆகியவை. கூலி முறை தோற்பதற்கும் இதுவே காரணம் என்று கருதுகிறேன்: பொருளைப் பெறும்வரை காத்திருக்க வேண்டிய இடைவெளியில், உடனே கிடைக்கும் உணர்ச்சியைக் குழந்தை தியாகம் செய்ய வேண்டியிருக்கிறது.

இதனை நாங்கள் தற்செயலாகவே நேரில் கண்டோம். ரப்பர் வளையத்தைச் சட்டையில் கோத்துவைத்த நாள்களில் கடித்தல் பாதிக்கும் கீழே குறைந்தது. தங்கை நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கோடிட்டு எண்ணிவந்தாள். விருந்தினர் வந்த ஒரு வாரம் வளையத்தைக் கழுவி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டனர். கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம் என்பது ஏற்பாடு. கேட்கத் தெரியாத குழந்தைக்கு அந்த மேல்தட்டு மற்றோர் ஊர். மூன்றாம் நாளே கோடுகள் பழைய எண்ணிக்கைக்கு ஏறின. வளையம் சட்டைக்குத் திரும்பியதும் மீண்டும் இறங்கின.

எந்தப் பொருளாயினும் பதிலீடாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். மீள்செயல் தரும் உணர்ச்சியை ஒத்த உணர்ச்சியைத் தரும் பொருள்கள் கூடுதல் பயனளிக்கக்கூடும் என்பதை 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வாய்க்கு வாய்க்குரியது, கண்ணுக்குக் கண்ணுக்குரியது. கடிக்கும் சிறுவனுக்கு ரயில் எவ்விதத்திலும் பதிலீடு ஆகாது. மெல்லத்தக்க வளையம் ஆகும். அவ்வளையம் உடைந்து துண்டாகாததாகவும் வண்ணப்பூச்சு உதிராததாகவும் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை; ஆயினும் சந்தையில் விற்பவற்றைப் பார்த்தபின் சொல்லிவைக்கிறேன்.

குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியும் இங்கே செயற்படுகிறது. ஒரே பொருள் நாள் முழுதும் இருந்தால் அதன் உவப்பு தேய்கிறது. ஆகவே இரண்டு மூன்று பொருள்களை முறைமாற்றித் தருவதும், விருப்ப வரிசையை அவ்வப்போது மீண்டும் சோதிப்பதும் வழக்கம். கூலி முறைக்கும் இடமில்லாமற் போகவில்லை. பிறர் கவனத்துக்காகவோ பாடத்திலிருந்து தப்புவதற்காகவோ செய்யப்படும் செயல்களில், தகுந்த வேறொரு செயலைக் கற்பித்து அதற்கு வெகுமதி தருவது நன்கு பயனளிக்கிறது. 'போதும்' என்ற அட்டையை நீட்டக் கற்ற குழந்தை, தலையை மோதி விடுதலை பெற வேண்டியதில்லை.

எதை விட்டுவிடுவது?

எல்லா மீள்செயலையும் குறைக்கத்தான் வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசம் உடையோர் பலர், உடலசைத்தலும் கை உதறுதலும் தம் பதற்றத்தைத் தணிக்கின்றன என்றும், அவற்றைத் தடுப்பது துன்பம் தருகிறது என்றும் கூறியிருப்பதை 2019-இல் வெளியான ஓர் ஆய்வு தொகுத்துரைத்துள்ளது. உடலுக்குக் கேடு விளைப்பதும் கற்றலுக்கு இடம் தராததும் தவிர மற்றவற்றைப் பார்ப்பவர் கண்ணுக்கு அழகாக இல்லை என்பதற்காக மாற்ற முற்படுவது, குழந்தையின் செலவில் பெரியவர்கள் வாங்கும் நிம்மதி. என் தங்கை மகன் மூடியைச் சுழற்றுவதை இன்றும் யாரும் தடுப்பதில்லை. அது அவனுடைய ஓய்வு நேரம்.

விருப்பப் பொருளைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பணியவைக்கும் ஆபத்தும் இதில் உண்டு. உவப்பானது எது என்று அறிந்தவுடன் அதை அடகு வைக்கும் எண்ணம் எழுவது எளிது. 'எழுதினால்தான் மூடி' என்று தொடங்கி, நாள் முழுதும் மூடியில்லாத நிலையில் அது முடியும். நிபந்தனையின்றிக் கிடைக்கும் சில பொருள்கள் எந்நிலையிலும் குழந்தையிடம் எஞ்சியிருக்க வேண்டும்.

தாய் செலுத்தும் விலை

தொலைவே விலை என்னும் கூற்று குழந்தைக்கு மட்டும் உரியதன்று. ஜனக்புரியிலிருந்து நகரின் மறுகோடியிலுள்ள பயிற்சி மையத்துக்கு வாரம் மூன்று நாள் சென்றுவந்த என் தங்கை, எட்டு மாதங்களில் தன் வேலையை விட்டாள். நாற்பத்தைந்து நிமிடப் பயிற்சிக்கு நான்கு மணி நேரம். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வகை செய்கிறது. பயணத்தில் கழியும் நேரத்தின் மதிப்போ எக்கணக்கிலும் வருவதில்லை.

இதனால்தான், பயிற்சியைக் குழந்தைக்கு அளிப்பதைக் காட்டிலும் பெற்றோருக்கு அளிக்கும் வழி நம் நாட்டுக்குப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. தில்லியில் 1991-இல் மெர்ரி பருவாவும் பிற பெற்றோரும் தொடங்கிய 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பு, ஜசோலாவில் நடத்தும் தேசிய மையத்தில் பெற்றோரும் குழந்தையும் ஒருங்கே பங்குபெறும் மூன்று மாதப் பயிற்சியை நடத்திவந்துள்ளது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களைக் கொண்டு நடந்து 2016-இல் வெளியான சோதனையில், நிபுணரல்லாத பணியாளர்கள் பெற்றோருக்கு வழிகாட்டினர். பெற்றோர் குழந்தையோடு இசைந்து பழகும் திறன் உயர்ந்தது. அது மீள்செயலைப் பற்றிய சோதனை அன்று. ஆயினும் நிபுணர் ஒருவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும் என்னும் எண்ணத்தை அது தளர்த்துகிறது.

2013 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டு, தேவையானோர் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். ஆட்டிசத்தை அளவிட நம் தேசிய நிறுவனம் உருவாக்கி 2009-இல் வெளியான அளவுகோலில் நாற்பது கூறுகள் உள்ளன. குழந்தை எதைச் செய்வதில்லை, எதை மிகையாகச் செய்கிறது என்பவற்றை அவை கேட்கின்றன. சான்றிதழுக்கு அது தேவை. குழந்தைக்கு எது பிடிக்கும் என்று கேட்கும் கூறு அவற்றில் இல்லை. அக்கேள்விக்கென ஒரு தனித் தாள் கோப்பில் சேர்க்கப்படலாம்: ஏழு பொருள்களின் பெயர், ஐந்து நாள் தேர்வு வரிசை, சோதித்த தேதி, அடுத்த சோதனைக்குரிய தேதி. அதை நிரப்ப மருத்துவர் வேண்டியதில்லை. ஒருமுறை செய்து காட்டினால் தாயோ அங்கன்வாடிப் பணியாளரோ நிரப்பிவிடுவர். பள்ளி மாறும்போதும் மையம் மாறும்போதும் அத்தாள் குழந்தையோடு செல்ல வேண்டும். என் தங்கை வீட்டில் அத்தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. சென்ற மாதச் சோதனையில் வளையம் மூன்றாம் இடத்துக்கு இறங்கி, பருத்திக் கயிறு முதலிடத்துக்கு வந்திருக்கிறது.